எலக்ட்ரோனிக் கியரும் இறம்பொடை ஏற்றமும்

தம்பி, சைக்கிளுக்கு எலக்ட்ரோனிக் கியர் போட்டால் நுவரெலியா போகும் வழியிலுள்ள இறம்பொடை ஏற்றம் இலகுவாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்தக் கியரிலுள்ள சின்ன மோட்டர் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும், அவ்வளவுதான். மிதிக்கிற காலுக்கு அது உதவாது.

ஏற்றத்தில் கைகொடுப்பது பற்களின் எண்ணிக்கை. முன்னால் 34, பின்னால் 28 என்றால் மிதி ஒருமுறை சுற்ற, சக்கரம் ஏறத்தாழ 1.2 முறை சுற்றும். பின்னாலும் 34 போட்டால் ஒரே சுற்று. கால் அங்கேதான் லேசாகும்.

எலக்ட்ரோனிக் கியரில் கியரை இழுக்கும் கம்பிக் கேபிள் இல்லாததால் நுவரெலியா மழையில் துருப்பிடித்து இறுகாது, அது உண்மையான நன்மைதான். ஆனால் பற்றரி தீர்ந்தால் கியர் மாறாது. தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்குப் புதுக் கேபிளும் பெரிய கேசட்டுமே (பின் பல்சக்கரத் தொகுதி) போதும். வாங்குமுன் உங்கள் பின் கியர்மாற்றி 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.