சில்ஃப் ஸ்கோப் இல்லாமலும் ஏறலாம்
போக்கிமான் ஆட்டத்தில், ஆவியின் உண்மை உருவத்தைக் காட்டும் சில்ஃப் ஸ்கோப் கருவி கிடைக்கும் வரை லாவண்டர் டவுன் கோபுரத்தில் ஆவியாக வழிமறிக்கும் தாய் மாரோவாக் என்ற போக்கிமானைத் தாண்டவே முடியாது என்று ஒரு கட்டுரை சொல்வது 2004-இல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீனுக்குச் சரி. பழைய ரெட், புளூவில் அப்படி இல்லை. செலடன் டிபார்ட்மென்ட் ஸ்டோர் நாலாவது மாடியில் ஆட்டப் பணம் 1000 கொடுத்து போக்கி டால் என்ற பொம்மை ஒன்றை வாங்கிக்கொண்டு, கோபுரத்தின் ஆறாவது மாடிப் படிக்கட்டு வாசலில் அது மறித்ததும் ஐட்டம் மெனுவைத் திறந்து பொம்மையைப் போடுங்கள்; சண்டை முடியும், வழியும் திறந்துவிடும். ரன் கொடுத்தால் மட்டும் ஓரடி பின்னுக்குத் தள்ளிவிடும். காரணம் ரொம்ப எளிது: ரன் அழுத்தினால் சண்டையின் முடிவு 'தப்பித்தல்' என்று பதிவாகும், பொம்மை அந்தப் பதிவைத் தொடுவதே இல்லை, அதனால் ஆட்டம் அதை வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது. ஸ்கோப் கிடைக்கும் இடமான ராக்கெட் கும்பலின் மறைவிடத்துக்கு இதற்காகப் போகவே வேண்டாம். 'போக்கி பந்தை வீசி மாரோவாக்கைப் பிடித்துவிடலாமே' என்று கேட்பவருக்கு: ஸ்கோப் இருந்தாலும் அது பந்துக்குச் சிக்காது, லெவல் 30 நிலவகை என்பதால் தண்ணீர் அல்லது புல் தாக்குதலால் எளிதில் வீழ்த்தலாம். அதற்கு முன் கோபுரத்தின் ஐந்தாவது மாடியிலுள்ள புனித இடத்தில் நின்று அணியைத் தேற்றிக்கொள்ளுங்கள், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.