ஐ.இ.எல்.டி.எஸ்: பிரிட்டிஷ்காரர் போலப் பேசினால்தான் 7-ஆ?

"லண்டன் உச்சரிப்பு இல்லையென்றால் பேச்சுத் தேர்வில் 7 கிடைக்காது" என்று, வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது (7 என்பது 9-க்கு எடுக்கும் மதிப்பெண்). தவறு. நம்பி ஏமாறாதீர்கள்.

சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் சம மதிப்பெண். உச்சரிப்பில் பார்ப்பது சொல்வது தெளிவாகப் புரிகிறதா என்பதைத்தான். நம் ஊர் வாடை இருந்தால் குற்றமில்லை. ஆனால் அழுத்தம் முக்கியம். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் இரண்டாவதில். இதைப் பழகுங்கள்.

இரண்டாம் பகுதியில் தலைப்பு அட்டை கொடுத்து, யோசிக்க 1 நிமிடம் தருவார்கள். அப்புறம் 2 நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். பலர் திணறுவது இங்கேதான். போனில் பதிவு செய்து கேளுங்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். வராத உச்சரிப்பை இழுத்துப் பேசினால் உள்ள சரளமும் போய்விடும்.