சுவரில் ஓடும் வான்கோவும் உன்னாவின் நிலவறை வெளிச்சமும்

"அந்த வான்கோ லைட் ஷோ நல்லமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று உள்பெட்டியில் கேட்கும் ஆக்கள் கூடிவிட்டார்கள். இடையிடையே ஓவியம் பற்றி எழுதுவதால் வந்த வினை. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதிக் களைத்துப்போனதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகலாம், குற்றமில்லை. ஆனால் நீங்கள் ஜேர்மனியில், அதுவும் டோர்ட்முண்ட் பக்கம் இருந்துகொண்டு அதற்குப் போய்விட்டு, பக்கத்தில் உன்னாவில் இருக்கும் ஒளிக்கலை அருங்காட்சியகத்துக்குப் போகாமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

முதலில் அந்த லைட் ஷோவைப் பற்றி. பெரிய மண்டபம், சுவரெங்கும் தரையெங்கும் புரொஜெக்டர் வெளிச்சம், நடுவில் நீங்கள், பின்னணியில் இசை. இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது பாரிஸில் சான் மோர் வீதியில் இருக்கும் 'அத்தலியே தெ லுமியேர்'. 1835இல் தொடங்கிய ஒரு இரும்பு வார்ப்பாலையின் கட்டடத்துக்குள் 2018இல் திறந்தார்கள். 140 புரொஜெக்டர்கள். திறப்பு விழா நிகழ்ச்சி ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட். அது ஓகோ என்று ஓடியதும் உலகம் முழுக்க இதே மாதிரி முளைத்துவிட்டது. பழைய தேவாலயம், பழைய வங்கி, பழைய சந்தைக் கட்டடம் என்று எங்கே உயரமான கூரை இருக்கிறதோ அங்கே ஒரு வான்கோ.

எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல்.

ஒன்று ஓவியத்தைப் பற்றியது. வான்கோவின் 'நட்சத்திர இரவு' உண்மையில் 74 சென்டிமீட்டர் உயரமும் 92 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. ஒரு ஆள் அதன் முன்னால் நின்று பார்க்க வரைந்த அளவு. கிட்டப் போனால் நிறம் தடித்துக் கிடப்பதும் தூரிகை இழுத்த தடமும் தெரியும். அதைப் பத்து மீட்டர் உயரத்துக்கு இழுத்து, நட்சத்திரங்களைச் சுழலவிட்டு, மேலே பியானோவும் போட்டால் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நிறத்தின் தடிப்பு போய்விட்டது. கிளிம்டுக்கு நடப்பது இன்னும் மோசம். அவர் உண்மையான பொன் தாளை ஒட்டியவர். வியன்னாவில் 'முத்தம்' ஓவியத்துக்கு முன்னால் ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் பொன் ஒரு மாதிரி மினுங்கும், வலப்பக்கம் நகர்ந்தால் வேறு மாதிரி. நீங்கள் அசையும்போது அதுவும் அசைகிறது. புரொஜெக்டரில் பொன் என்பது மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். அது உங்களை மண்டபத்தின் நடுவில் இருத்திவிட்டுத் தானாக ஆடுகிறது.

மற்றது கட்டடத்தைப் பற்றியது. நூற்றாண்டு பழைய ஆலை என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். உள்ளே போனால் அந்த ஆலை எங்கே? சுவர் திரையாகிவிட்டது. அங்கே யார் வேலை செய்தார்கள், எதை வார்த்தார்கள், ஏன் மூடினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் போன ஒரு ஷோவில் (பெயர் வேண்டாம்) நல்ல செங்கல் வளைவுகள் இருந்தன. நிகழ்ச்சி முடிந்து விளக்குகள் எரிந்த அரை நிமிடத்தில்தான் அவற்றைப் பார்த்தேன். உடனே எல்லோரையும் கடைப்பக்கம் அனுப்பிவிட்டார்கள். சூரியகாந்தி போட்ட காலுறை பதினைந்து ஒயிரோ.

சரி, உன்னா.

உன்னா ஏறத்தாழ 60,000 பேர் வாழும் சின்ன நகரம். டோர்ட்முண்டுக்குக் கிழக்கே, ரூர் பகுதியின் விளிம்பில் இருக்கிறது. அங்கே லிண்டன் பியர் ஆலை என்று ஒன்று இருந்தது. 1979இல் மூடிவிட்டார்கள். ரூர் பகுதியில் அந்தக் காலத்தில் மூடாதது எது? சுரங்கம், உருக்காலை, பியர் ஆலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூடிய இடங்களை இடித்துத் தள்ளாமல் வேறு ஏதாவது செய்யலாமா என்று யோசித்த ஊர்கள் இவை. டோர்ட்முண்ட் ரயில் நிலையத்தால் வெளியே வந்தால் தெரியும் அந்தப் பெரிய 'U' எழுத்துக் கட்டடமும் பியர் ஆலைதான், இப்போது கலைக்கூடம்.

உன்னாவில் அவர்கள் கண்டெடுத்தது ஆலையின் நிலவறைகளை. பியரைக் குளிரில் வைத்துத்தான் ஆறவிட வேண்டும். குளிரூட்டும் இயந்திரம் வருவதற்கு முந்திய காலத்தில் அதற்கு ஒரே வழி நிலத்தைத் தோண்டி, பனிக்கட்டியை இறக்கி வைப்பது. அதனால் அந்த ஆலைக்குக் கீழே பத்து மீட்டர் ஆழம் வரை வளைவு வளைவாக அறைகள், புளிக்கவைக்கும் தொட்டிகள், ஒடுங்கிய நடைகள். வெயில் படாத இடம். வேறு எதற்கும் உதவாத இந்த இருட்டை 2001இல் சர்வதேச ஒளிக்கலை மையம் ஆக்கினார்கள். வெளிச்சத்தையே பொருளாகக் கொண்ட கலைக்கென்று மட்டும் இருக்கும் அருங்காட்சியகம்.

இங்கே ஒரு ஓவியமும் இல்லை. யாருடைய படத்தையும் பெருப்பித்துக் காட்டவில்லை. கலைஞர்கள் வந்து, நிலவறையைச் சுற்றிப் பார்த்து, தங்களுக்கென்று ஒரு அறையை எடுத்துக்கொண்டு, பெரும்பாலும் அந்த அறைக்காகவே செய்த வேலைகள்தான் இருக்கின்றன. தொட்டிக்குள் ஜோசப் கொசுத் நியோன் எழுத்துகளில் ஜேர்மன் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனவின் வசனங்களை வைத்திருக்கிறார். கீத் சொனியர் ஒரு நடையையே நிறத்தால் நிரப்பிவிட்டார். நடந்து போகும்போது உங்கள் கையின் நிறம் மாறிக்கொண்டே வரும்.

ஒலாஃபுர் எலியாசனின் அறையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் மேலிருந்து தண்ணீர் திரைபோல் விழுகிறது. விளக்கு விட்டு விட்டு மின்னும் ஸ்ட்ரோப். மின்னல் அடிக்கும் அந்தக் கண நேரத்தில் மட்டும்தான் கண்ணுக்குத் துளி தெரிகிறது, இடையில் துளி நகர்வது தெரிவதில்லை. ஆகவே தண்ணீர் விழாமல் காற்றில் துளித்துளியாக நிற்கிறது. காதில் 'சோ' என்று விழும் சத்தம், கண்ணில் நிற்கும் துளிகள். எப்படி நடக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். தெரிந்தும் கையை நீட்டத்தான் தோன்றுகிறது. இதே எலியாசன்தான் 2003இல் லண்டனில் பழைய மின்நிலையமாக இருந்த டேட் மாடர்ன் கட்டடத்துக்குள் ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றியவர். அதைப் பார்க்கச் சுமார் 20 இலட்சம் பேர் போனார்கள். உன்னாவில் அவருடைய தண்ணீர் நடைக்குள் நான் நின்ற நேரம் என்னோடு ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள்.

ஜேம்ஸ் டரலின் அறை வேறு விதம். எதிரே ஒரு நிறச் செவ்வகம் மிதக்கிறது. அது சுவரில் பூசிய நிறமா, தொங்கும் திரையா, உள்ளே போகும் பள்ளமா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. டரல் கல்லூரியில் படித்தது புலனுணர்வு உளவியல். கண் எங்கே தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் கொண்டுபோய் எங்களை நிறுத்திவிட்டு விலகிக்கொள்கிறார். அவருடைய இன்னொரு வேலையில் மேல் அறையின் கூரையில் வட்டமாக ஒரு திறப்பு, அதனூடாக வானம். கீழ் அறையிலோ அதே வானம் ஒரு வில்லையூடாகத் தரையில் விழுகிறது. முகில் காலடியில் போகிறது. கமராவின் தாத்தாவான இருட்டறை வித்தைதான், புதிதாக ஒன்றும் இல்லை.

இனி பெரியம்மாவின் கதை. அவவைக் கூட்டிக்கொண்டு போனது கொஞ்சம் துணிச்சல்தான். படி இறங்கும் இடத்திலேயே நின்றுவிட்டா. "கீழ இறங்கிறதெண்டால் எனக்கு பங்கர்தான் ஞாபகம் வருது, தம்பி. நீ போட்டு வா." ஊரில் போர்க்காலத்தில் குண்டுக்குப் பதுங்கிய குழிதான் பங்கர். நான் வற்புறுத்தவில்லை. பின்னால் வந்த ஒரு ஜேர்மன் கிழவி கைத்தடியோடு விறுவிறுவென்று இறங்குவதைப் பார்த்ததும் அவவுக்கு ரோசம் வந்துவிட்டது. வந்தா.

நியோன் எழுத்துக்களை அவ மதிக்கவே இல்லை. "கடைப் போட்" (பெயர்ப்பலகை) என்றா. டரலின் அறையில் பேசாமல் நின்றா. பிறகு கிறிஸ்தியான் பொல்தான்ஸ்கியின் அறை. அதன் பெயரே 'சாவு நடனம்'. சின்னச் சின்ன உருவங்கள், அவற்றின் நிழல் சுவரில் பெரிதாக விழுந்து ஆடுகிறது. பொல்தான்ஸ்கி 1944இல் பாரிஸில் பிறந்தவர். நாசிகள் நகரத்தைப் பிடித்திருந்த காலத்தில் அவருடைய யூதத் தகப்பன் வீட்டுத் தரைப்பலகைக்குக் கீழே ஒளிந்திருந்தார். இதை நான் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்க முதல் அவ சொன்னா: "ஜாம் போத்தல் விளக்குக்கு எங்கட நிழல் இப்பிடித்தான் ஆடும்."

1990க்குப் பிறகு போர்க்கால யாழ்ப்பாணத்தில் பல வருடம் மின்சாரம் இருக்கவில்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அதில் அளந்து விட்ட மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் ஓ.எல், ஏ.எல் பரீட்சைகளுக்குப் படித்து வந்த தலைமுறை ஒன்று இங்கே ஐரோப்பா முழுக்க இருக்கிறது. திரியை எவ்வளவு இறக்கினால் எவ்வளவு நேரம் எரியும், புத்தகத்தை எந்தப் பக்கம் சரித்தால் நிழல் விழாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பாடம். வெளிச்சத்தை ஒரு பண்டமாக, அளந்து செலவழிக்கும் பொருளாகக் கையாண்ட சனம். ஒளிக்கலையை விளங்கிக்கொள்ள இதைவிட என்ன படிப்பு வேண்டும்? "இது படிச்ச வெள்ளைக்காரருக்கான கலை, எங்களுக்கு விளங்காது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பொல்தான்ஸ்கியின் அறையில் மற்றவர்கள் விளக்கப் பலகையைத் தேடிக்கொண்டு நிற்க, பெரியம்மா பலகை இருந்த பக்கமே திரும்பவில்லை.

என் குறை இங்கேதான். உன்னாவிலிருந்து காரில் அரை மணித்தியாலத்தில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். வருடாவருடம் தேருக்கு பிரான்ஸ், சுவிஸ், ஒல்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது. ஹோட்டல் எடுத்து இரண்டு நாள் நிற்கிறார்கள். மறுநாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் டோர்ட்முண்ட் கடைத்தெரு, இல்லாவிட்டால் ஏதாவது அவுட்லெட். பிள்ளைகள் பின் சீட்டில் போனோடு. மூலஸ்தானத்தின் இருட்டில் ஒரு தீபம் காட்டினால் என்ன நடக்கும் என்று முதல் நாள்தான் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். அடுத்த நாள் டரலின் அறையில் கொண்டுபோய் நிறுத்தினால், நீங்கள் ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

போன் பற்றியும் ஒரு வார்த்தை. லைட் ஷோக்கள் போனுக்காகவே செய்தவை என்று எனக்குச் சந்தேகம். எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் படம் நன்றாக வரும், அதுதான் அதன் கெட்டித்தனம். உன்னாவில் போன் தோற்றுவிடும். எலியாசனின் துளிகளை எடுத்துப் பார்த்தேன், குழம்பிய கோடுகள். டரல் வெறும் நிறச் சதுரம். எங்கள் வீட்டுக் குட்டி ஐந்து நிமிடம் முயன்றுவிட்டு எரிச்சலோடு போனைச் சட்டைப்பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகுதான் பார்க்கத் தொடங்கினான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அருங்காட்சியக வாசலையே மிதிக்காத குடும்பங்களை அந்த லைட் ஷோக்கள் உள்ளே இழுத்திருக்கின்றன. சக்கர நாற்காலியில் வரும் முதியவர், அழும் குழந்தை, சத்தம் போடும் பெடியள் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு, ஒருவரும் "உஷ்" என்று முறைப்பதில்லை. அது சின்ன விடயம் இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை உண்மையான ஓவியத்தைத் தேடிப் போனால் நான் இவ்வளவு எழுதியதும் வீண்தான், சந்தோசமாக ஏற்றுக்கொள்வேன். ஆனால் பழைய கட்டடத்துக்குள் வெளிச்சம் வைப்பதென்றால், அந்தக் கட்டடம் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். உன்னாவில் அந்த ஆழமும் குளிரும் இல்லாவிட்டால் அந்த வேலைகள் இல்லை. பாரிஸ் கிளிம்டை நாளைக்கே ஒரு விமான நிலையக் கொட்டகைக்கு மாற்றினாலும் ஒன்றும் குறையாது.

போகிறவர்களுக்கு: வழிகாட்டியோடு குழுவாகக் கூட்டிச் செல்லும் வழக்கம் உண்டு, ஆகவே நேரங்களை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும், பனிக்கட்டி வைத்த இடம் அது. டரலின் வான அறைக்குப் பகல் நல்லது. ஆலையின் புகைபோக்கியில் மரியோ மெர்ஸ் ஏற்றிவைத்த நியோன் எண்களுக்கு இருட்டு நல்லது. 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்திய இரண்டையும் கூட்டிக் கூட்டி மேலே ஏறிப் போகும் பிபொனாச்சி வரிசை அது, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையென்றால் அடுத்தது என்ன என்று கேளுங்கள். மார்கழியில் நாலரைக்கே இருட்டிவிடுவதால் பின்னேரம் போனால் இரண்டும் கிடைக்கும். வலிப்பு உள்ளவர்கள் எலியாசனின் ஸ்ட்ரோப் அறைக்குள் போக வேண்டாம். அதை விட்டாலும் பார்க்க நிறைய இருக்கிறது.