சிலை கணவருக்கு, நிலம் மனைவியுடையது

ஸ்காட்லாந்தின் வடக்கே, கடலோரத்தில் கோல்ஸ்பி என்று ஓர் ஊர். ஊருக்குப் பின்னால் பென் பிராகி மலை. அதன் உச்சியில் பீடத்தோடு சேர்த்து சுமார் 100 அடி உயரத்துக்கு நிற்கிறார் முதலாம் சதர்லேண்ட் டியூக். ஊர்க்காரர்கள் அவரை ‘மானி’ என்பார்கள். சனங்களை நிலத்தைவிட்டு விரட்டியவரின் சிலையை இடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், விட்டுவையுங்கள் என்று இன்னொரு கூட்டம், பல வருடங்களாகச் சண்டை. என் குறை வேறு. அங்கே தனியாக ஒருவர்தான் நிற்கிறார்.

அவர் இங்கிலாந்துப் பெரும் பணக்காரர். டியூக் ஆனது 1833 ஜனவரியில், இறந்தது அதே ஜூலையில். ஆறு மாத டியூக்! ஆனால் டியூக்குக்குக் கீழ்ப்பட்ட சதர்லேண்ட் ஏர்ல் பட்டம் 13ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. (சதர்லேண்ட் என்றால் ‘தெற்கு நிலம்’. வடகோடிக்குப் போய் அந்தப் பெயர். வைத்தவர்கள் அதற்கும் வடக்கே ஆர்க்னி தீவுகளில் இருந்த நார்ஸ்காரர்கள், அதாவது வைக்கிங்குகள்.) 1766இல் அப்போதைய ஏர்லும் மனைவியும் பாத் நகரில் அடுத்தடுத்து இறந்துபோக, மிஞ்சியது எலிசபெத் என்ற ஒரு வயதுக் குழந்தை. பெண்பிள்ளைக்குப் பட்டமா என்று பங்காளிகள் இருவர் வழக்காடினார்கள். 1771இல் பிரபுக்கள் சபை, ஆறு வயதுகூட நிரம்பாத அந்தச் சிறுமிக்கே பட்டம் என்றது. நிலமும் அவளுக்குத்தான். 1785இல் அவள் கட்டிக்கொண்டவர்தான் மலை மேல் நிற்பவர்.

அப்புறம்தான் செம்மறி ஆடு வந்தது. குடியானவர்கள் தரும் வாடகையைவிட ஆட்டுப் பண்ணை அதிகம் தரும் என்று கணக்கு. 1814இல் அவள் நிலத்தில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், காரியஸ்தர் பேட்ரிக் செல்லரின் ஆட்கள் வீடுகளைக் காலி செய்து கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். மரம் கிடைக்காத பூமி அது. உத்தரம் எரிந்துவிட்டால் திரும்பி வந்து குடிசை போட முடியாது. நூறு வயதை நெருங்கிய ஒரு பாட்டி உள்ளே படுத்திருந்தபோதே வீட்டுக்குத் தீ வைத்தார்கள், சில நாளில் அவள் இறந்தாள் என்று குற்றச்சாட்டு. 1816இல் இன்வர்னெஸ்ஸில் வழக்கு நடந்தது. ஜூரிகளில் பெரும்பாலோர் நிலக்காரர்கள். செல்லர் விடுதலை. காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் இதே செல்லர்தான், சரியா?

பணம் கணவருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேலிக் மொழியில் சனங்கள் ‘சதர்லேண்டின் பெரிய சீமாட்டி’ என்றது அவளைத்தான். 1799வாக்கில் இவள் நிலத்துக் குடும்பங்களிலிருந்துதான் பிள்ளைகளைப் பொறுக்கி 93ஆம் படைப்பிரிவைத் திரட்டினார்கள். அந்தக் குடும்பங்களைத்தான் பிறகு துரத்தினார்கள். 1854இல் கிரிமியப் போருக்கு இரண்டாம் டியூக் ஆள் கேட்டபோது, “ஆடுகளை அனுப்புங்கள்” என்று பதில் வந்ததாக ஒரு கதை உண்டு. அதற்கு முந்தைய வருடம்தான், அமெரிக்க அடிமைகளுக்காக உருகிக்கொண்டிருந்த அடுத்த தலைமுறை டச்சஸை, அதாவது இரண்டாம் டியூக்கின் மனைவியை, காறித் துப்பாத குறையாக மார்க்ஸ் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1814க்கும் 1820க்கும் இடையே 15,000 பேர் விரட்டப்பட்டார்கள் என்பது அவர் கணக்கு.

1963இல் ஐந்தாம் டியூக் பிள்ளையில்லாமல் இறந்தார். ஆண்வழியில் மட்டுமே போகும் டியூக் பட்டம் எல்ஸ்மியர் பிரபு என்ற தூரத்துச் சொந்தத்துக்குப் போயிற்று. பெண்ணுக்கும் போகக்கூடிய பழைய ஏர்ல் பட்டமும் குடும்பத்தின் டன்ராபின் கோட்டையும் தம்பி மகளுக்கு. 2019 வரை இருந்தார். அவர் பெயரும் எலிசபெத்.