கொன்றவன் கதவைத் தட்டிய காலம்

பழைய நார்வேயில் ஒருவனைக் கொன்றுவிட்டால், கொன்றவன் அன்றே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "நான்தான் செய்தேன்" என்று சொல்லிவிட வேண்டும். மேற்கு நார்வேயின் குலாதிங் சட்டம் அப்படி. அந்த வீட்டில் செத்தவனின் சொந்தக்காரர்கள் இருந்தால், பரவாயில்லை, தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகலாம். (எழுதியவர்கள் விவரமானவர்கள்.) சொல்லாமல் மறைத்தால்தான் அது மாபாதகம். சொல்லிவிட்டால் இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் தீர்க்க வேண்டிய கணக்கு.

டென்மார்க்கின் 1241 யூட்லாந்து சட்டத்தில் அந்தக் கணக்கு பணம். கொன்றவன் மட்டுமல்ல, அவன் அப்பா வழி, அம்மா வழிச் சொந்தங்களும் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். பங்காளி எங்கோ கத்தியை எடுத்தால் நீங்கள் பணப்பையை எடுக்க வேண்டும்! இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. செத்தவன் வீட்டுக்கு நாலு காசாவது போய்ச் சேர்ந்தது.

அப்புறம் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்தின் இடத்தில் லூத்தரன் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவம் வந்தது, அரசர்கள் கை ஓங்கியது. சிந்திய ரத்தத்துக்குப் பழி தீர்க்காவிட்டால் கடவுளின் கோபம் நாட்டின் மேலேயே இறங்கும் என்று பிரசங்கித்தார்கள். சுவீடனில் 1608இல் பைபிளில் உள்ள மோசேயின் சட்டங்களையே நாட்டுச் சட்டத்தோடு சேர்த்து அச்சடித்தார்கள். டென்மார்க்கில் (நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய அதே டென்மார்க்) 1683 சட்டம் தெளிவாகச் சொன்னது: விபத்தோ தற்காப்போ இல்லையென்றால், உயிருக்கு உயிர். பேரத்துக்கு இடமில்லை.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழப் பிடிக்காத சிலர் அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டார்கள். தற்கொலை செய்தால் நரகம் என்று பயம். கொலை செய்தாலோ, தண்டனைக்கு முன் பாதிரியார் வந்து கூட இருந்து ஜெபிப்பார், மனந்திரும்பலாம், சொர்க்கம் போகலாம். அதனால் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு நேரே போய்ச் சரணடைந்தார்கள். ஏன் குழந்தை? பாவமறியாதது, அதுவும் சொர்க்கத்துக்குத்தானே போகும் என்ற கணக்கு. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

"தூக்கில் போட்டால் எல்லாம் அடங்கிவிடும்" என்று இங்கே அடிக்கடி எழுதும் நண்பர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். 1767இல் டென்மார்க் அரசு இறங்கி வந்து ஆணை போட்டது: சாவதற்காகவே கொலை செய்பவர்களுக்கு இனி மரண தண்டனை கிடையாது. சாட்டையடி உண்டு, ஆயுள் முழுக்கக் கடும் உழைப்பு உண்டு. அவர்கள் கேட்டு வந்த சாவு மட்டும் கிடைக்காது.