தையல் பிரிக்கும் தேதிக்குக் கீழே இன்னொரு வரி

புற்றுநோய் அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி தருவார்கள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், காயத்திலிருந்து வடிவதைச் சேர்க்கும் டிரெயின் பையில் தினமும் எத்தனை மில்லி சேர்கிறது என்று எப்படிக் குறிப்பது, தையல் பிரிக்க எப்போது வருவது எல்லாம் அதில் இருக்கும். மனசு எப்படி இருக்கிறது என்று யார், எப்போது கேட்பார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரி இருக்காது. அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

என் சித்திக்கு ஒரு மார்பகத்தை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகு பீரோ கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டார். பார்க்க வந்தவர்கள் ‘அதான் எடுத்தாச்சே, இனி என்ன கவலை’ என்றார்கள். சித்தப்பா மாத்திரை, சாப்பாடு, கை உடற்பயிற்சி எதிலும் குறை வைக்கவில்லை. தூக்கத்தில் கை பட்டுவிடக் கூடாதே என்று படுக்கையை மட்டும் ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். சித்தி அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

செக்கப்பில் ‘வலி இருக்கா?’ என்று கேட்பார் டாக்டர். ‘இல்ல டாக்டர்.’ அவ்வளவுதான். வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது.

மனசைப் பற்றிக் கேட்க டாக்டரே வேண்டும் என்பதும் இல்லை. தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த ஒரு வாரத்தில் மனச்சுமை எவ்வளவு என்று 0 முதல் 10 வரை நோயாளியே வட்டமிடுவார். 4 அல்லது அதற்கு மேல் என்றால் விசாரிக்க வேண்டும். கட்டு மாற்றும் நர்ஸே நீட்டலாம், ஒரு நிமிஷ வேலை. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் புற்றுநோயாளிகளுக்கான மனநலப் பிரிவைத் தொடங்கியது 1977இல். இங்கே அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கென்று தனித் துறை உண்டு. மற்ற பல இடங்களில்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறதே என்பீர்கள். 2022இல் வந்தது, இலவசம், தமிழிலும் பேசலாம், நல்ல விஷயம். ஆனால் குரல்வளையை எடுத்தவர் போனில் என்ன பேசுவார்? வயிற்றில் மலப்பை மாட்டியிருப்பவர், வாடை வருமோ என்று பஸ் ஏறவே தயங்குபவர், தானாக நம்பரைச் சுற்றுவாரா? இவர்களை நாம்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

அப்புறம், யாரோ சொன்னார்கள் என்று மனச்சோர்வு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் உடலுக்குள் மாறிய பிறகுதான் முழுதாக வேலை செய்யும். பராக்செடின், ஃப்ளுவாக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் அந்த மாற்றத்தைத் தடுக்கும். மனச்சோர்வுக்கு அப்படித் தடுக்காத வேறு மருந்துகள் உண்டு. மனநல மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள்.