லெஸ்டர் ஸ்கொயர் எப்போது கெட்டுப்போனது?

லண்டன் நண்பர்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் மட்டும் போயிடாதே, ஒரே டூரிஸ்ட் கூட்டம், தொட்டதெல்லாம் கொள்ளை விலை." (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லெய்செஸ்டர்' என்று படித்து நானும் மாட்டிக்கொண்டவன்தான்.) முன்பு கம்பீரமாக இருந்த சதுக்கமாம், இப்போது மிட்டாய்க் கடையும் பொம்மைக் கடையுமாகச் சீரழிந்துவிட்டதாம்.

எந்த முன்பு என்பதுதான் என் கேள்வி.

1630-களில் லெஸ்டர் பிரபு இங்கே மாளிகை கட்ட வந்தபோதே அக்கம்பக்கத்து மக்கள் சண்டை போட்டார்கள். துணி காயப்போடவும் உலாவவும் கொஞ்சம் நிலத்தை அவர் விட்டுவைக்க வேண்டியதாயிற்று. பெரிய மனிதர்கள் வாழ்ந்த காலமும் இருந்தது, மறுக்கவில்லை. ஓவியர்கள் ஹோகார்த்தும் ரெனால்ட்ஸும் இங்கேதான் குடியிருந்தார்கள்.

ஆனால் 1793-லேயே ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் வட்டக் கட்டடம் ஒன்றைக் கட்டி டிக்கெட் விற்கத் தொடங்கிவிட்டார். இருட்டு வழியில் நடந்து மேடையேறினால் சுற்றிலும் ஒரே ஓவியம், கூரையிலிருந்து விழும் வெளிச்சம், ஏதோ ஒரு நகரத்தின் நடுவில் நிற்பது போன்ற மயக்கம். நம் திருவிழா பயாஸ்கோப் பெட்டிக்குள் ஆளே நுழைந்த மாதிரி. 'பனோரமா' என்ற சொல்லே இவருடைய காட்சிக்கு வைத்த பெயர்தான்.

எனக்குப் பிடித்த கூத்து அடுத்தது. 1851-இல் வரைபடக்காரர் ஜேம்ஸ் வைல்டு சதுக்கத்தின் நட்டநடுவே சுமார் 60 அடி விட்டத்தில் பூமி உருண்டை ஒன்றை எழுப்பினார். மலையும் கடலும் உருண்டையின் உட்புறச் சுவரில்! உலகத்தைச் சட்டை மாதிரி உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, படியேறிப் பார்க்கக் காசு வாங்கியிருக்கிறார். 1862-இல் அதை அகற்றியபின் இடம் குப்பைமேடானது. அங்கே நின்ற முதலாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலைக்கு யாரோ இரவோடிரவாக வெள்ளையடித்துக் கரும்புள்ளி குத்திவிட்டார்கள்.

சரி, இன்று நாம் உட்காரும் பூங்கா யார் தந்தது? ஆல்பர்ட் கிராண்ட். சுரங்கப் பங்குகளை ஊரார் தலையில் கட்டிப் பணம் பார்த்த ஆசாமி, 1874-இல் ஷேக்ஸ்பியர் சிலையோடு பூங்காவாக்கி நகரத்துக்குக் கொடுத்தார். பிற்பாடு திவாலானார்.

1896-இல் லூமியேர் சகோதரர்களின் சலனப்படம் இங்குள்ள எம்பயர் அரங்கில் ஓடியது. 1937-இல் கருங்கல் முகப்போடு ஓடியன் திரையரங்கு வந்தது. இன்றைக்குப் புதுப்படத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறார்கள் என்றால், இருநூறு வருடத் தொழில் தொடர்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நான் போகச் சொல்கிற கட்சி. விலைதான் பயம் என்றால், வெளியே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 1980 முதல் இங்கே தள்ளுபடி விலையில் நாடக டிக்கெட் விற்கிறார்கள், அதை விசாரியுங்கள். அப்புறம் வடக்கே லெஸ்டர் பிளேஸ் சந்தில் இருக்கும் பிரெஞ்சு தேவாலயத்துக்குள் ஐந்து நிமிடம் நுழையுங்கள். பிரெஞ்சுக் கலைஞர் ழான் காக்டோவின் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு அண்ணாந்தால் கட்டடம் வட்டமாக இருப்பது தெரியும். பார்க்கர் டிக்கெட் கிழித்த அதே இடம்.